கோவையா, மதுரையா? பகல் 11 மணிக்கு வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

என் சித்தி மகன் அபுதாபிக்குப் போய் 12 வருஷம் ஆகிறது. ஏசி மெக்கானிக்காகப் போனவன், இப்போது பெரிய கட்டடங்களை மொத்தமாகக் குளிரவைக்கும் சில்லர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். வருகிற கோடை விடுமுறையோடு பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டான். எந்த ஊருக்கு என்பதுதான் பாக்கி. போன வாரம் போன் செய்து, "அக்கா, நீங்க ரெண்டு ஊர்லயும் குடித்தனம் பண்ணியிருக்கீங்க. கோவையா மதுரையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. முக்கால் மணி நேரம் பேசினேன். வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. இதே கேள்வியோடு சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை, வில்லாபுரம். கல்யாணமானதும் வீட்டுக்காரரின் பம்புசெட் கம்பெனி வேலைக்காகக் கோவைக்குப் போனோம். முதலில் ஒண்டிப்புதூர், பிறகு சரவணம்பட்டி என்று 9 வருஷம். மறுபடி மதுரைக்கு வந்து 5 வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது அண்ணாநகர் பக்கம். எனவே இரண்டு ஊரையும் விருந்தாளியாகப் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டு ஊரிலும் ரேஷன் கார்டு மாற்றியிருக்கிறேன்.

சென்னைக்கு அடுத்த ஊர் எது என்ற போட்டி இந்த இரண்டுக்கும் பழைய சங்கதி. மதுரை 1971-இல் மாநகராட்சி ஆனது, கோவை 1981-இல். இன்று இரண்டிலும் 100 வார்டுகள். அங்கே ஒரு பாலம் கட்டினால் இங்கே ஏன் இல்லை என்பார்கள்; இங்கே ஒரு நூலகம் வந்தால் அங்கே எப்போது என்பார்கள். 2025 நவம்பரில் இரண்டு ஊர் மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளையும் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது மட்டும்தான் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பக்கம் நின்று வருத்தப்பட்டதைப் பார்த்தேன்.

ஊர் மாறுவது பற்றி யோசிப்பவர்கள் முதலில் எடுப்பது சம்பளம், வாடகை, விமான நிலையம். தம்பியும் அப்படித்தான் கணக்கு போட்டு வைத்திருந்தான். அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் சம்பாதிக்கப் போகிறவர் காலை எட்டரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ராத்திரி எட்டுக்குத் திரும்பி வருகிறார். அவருக்கு எந்த ஊராக இருந்தாலும் ரோடு, வேலை, டீ, ரோடு. ஊரில் உண்மையாக வாழ்வது பகல் 11 மணிக்கு வீட்டில் இருப்பவர். அவர் அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், ஓய்வு பெற்ற அப்பாவாக இருக்கலாம். அவருக்கு அந்த நேரத்தில் அந்த ஊர் என்ன கொடுக்கிறது என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இதை நான் என் மாமியாரிடமிருந்து கற்றுக்கொண்டேன், கொஞ்சம் தாமதமாக.

சரவணம்பட்டியில் எங்களுடையது மூன்றாம் மாடி. லிப்ட் உண்டு, கீழே சின்னப் பூங்கா உண்டு, காற்று அள்ளிக்கொண்டு போகும். மாமனார் இறந்த பிறகு அத்தையை, அதாவது என் மாமியாரை, அங்கே கூட்டி வந்தோம். அப்போது அவருக்கு 67 வயது. நானும் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் நான் செருப்பைக் கழற்றும்போதே அத்தை அன்று பார்த்ததை வரிசையாகச் சொல்வார். "காலைல தண்ணி கேன் வண்டி வந்துச்சு. எதுத்த வீட்டுக்கு ஒரு கூரியர் பையன் வந்தான், பூட்டியிருக்குன்னு போயிட்டான். மத்தியானம் சுவத்து மேல ஒரு பூனை." அவ்வளவுதான். முதல் சில மாதங்கள் நான் இதைப் பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜுரத்தில் லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தபோது 11 மணிக்கு எழுந்து பார்த்தேன். அத்தை ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாடியில் எங்களுடையது போக நான்கு வீடு. நான்கிலும் கணவன் மனைவி இருவரும் ஐடி. அத்தனை கதவும் பூட்டு. அவர் அந்தப் பூனைக்காகக் காத்திருந்தார்.

இது கோவையின் குற்றம் இல்லை. கோவை ஓடுகிற ஊர். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, அதற்குப் பிறகு அந்த ஊர் உட்காரவே இல்லை. மில்லுக்குப் பக்கத்தில் மில் இயந்திரம் செய்யும் பட்டறை, அதற்குப் பக்கத்தில் வார்ப்பட ஆலை, பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர், வால்வு. கணபதியிலும் பீளமேட்டிலும் வீட்டின் முன்பக்கத்தில் குடும்பம், பின்பக்கத்தில் ரெண்டு லேத்து என்று எத்தனையோ வீடுகள் உண்டு. ஜாப் ஆர்டர் எடுத்து, கணவன் லேத்தில் நிற்க மனைவி பில் போடும் குடும்பங்களை ஒண்டிப்புதூரில் நேரில் பார்த்திருக்கிறேன். கையில் தொழில் இருப்பவனை அந்த ஊர் "நீ யாரு"ன்னு கேட்பதற்கு முன்னால் "உனக்கு என்ன வேலை தெரியும்"ன்னு கேட்கும். சாதாரணத் தொழிலாளி ஐந்து வருஷத்தில் முதலாளி ஆவது அங்கே ஒரு அதிசயம் இல்லை. அதற்கப்புறம் பீளமேட்டில் டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம் என்று ஐடி வேறு வந்து சேர்ந்துகொண்டது.

மதுரையில் வேலை இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிவிஎஸ் பிறந்த ஊர் இது. கப்பலூரில் தொழிற்பேட்டை இருக்கிறது, ரப்பர் பொருள் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன, இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு வக்கீல்களும் அவர்களைச் சுற்றி டைப்பிங், ஜெராக்ஸ், தங்கும் விடுதி என்று ஒரு தொழில் உலகமும் ஒத்தக்கடைப் பக்கம் வளர்ந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். மதுரையின் பலம் வியாபாரம், மருத்துவம், கோயில், கோர்ட்டு. தென் மாவட்டங்கள் எல்லாம் இங்கே வந்து சாமான் வாங்கிக்கொண்டும் டாக்டரிடம் காட்டிக்கொண்டும் போகின்றன. இன்ஜினியரிங் முடித்த பிள்ளை கம்பெனி மாறிக் கம்பெனி மாறி மேலே போக வேண்டும் என்றால் மதுரையில் இரண்டாவது கம்பெனியே தேடித்தான் பிடிக்க வேண்டும். கோவையில் ஒரு வேலை போனால் அதே ரோட்டில் அடுத்த வேலை.

வாடகையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒரே மாதிரி வீட்டுக்குக் கோவையில் கூடத்தான் கேட்பார்கள், நிலத்தின் விலை அப்படி. கையில் மொத்தமாகப் பணம் வைத்திருப்பவர்களுக்கு மதுரையில் ஒத்தி வீடு எளிதாகக் கிடைக்கும். மாத வாடகைத் தொல்லை இல்லை. பத்திரத்தை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீடு தேடும்போது ஒரு வலி இரண்டு ஊரிலும் காத்திருக்கிறது. கோவையில் ஒரு வீட்டுக்காரம்மா, "நான்-வெஜ் சமைப்பீங்களாங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு மரியாதையாகவே வீடு இல்லை என்றார். மதுரையில் சுற்றி வளைக்காமல் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். இரண்டு கேள்வியும் ஒன்றுதான். 12 வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கேட்காத வீட்டுக்காரர்களும் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கிடைக்கும் வரை தேடுங்கள், பொய் சொல்லிக் குடி போகாதீர்கள்.

இனி வெயில். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரை அதில் பாதி உயரம்கூட இல்லை. அதோடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு வாசல் திறந்திருக்கிறதே, அது கோவைக்கு நேராக இருக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாகக் காற்று உள்ளே வரும்போது ஊரே விசிறி விட்ட மாதிரி ஆகிவிடும். கொடியில் துணி போட்டால் நாலு கிளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தெருவில் போய்த் தேட வேண்டும். நடுநடுவே சாரல். மதுரையிலிருந்து போன எனக்கு முதல் வருஷம் ஜூலையில் ஸ்வெட்டர் வாங்கலாமா என்றிருந்தது.

மதுரை வெயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வந்துவிட்டுப் போவது வழக்கம். ஆனால் டிகிரியைவிட எனக்குப் புரிந்த கணக்கு ஒன்று உண்டு. மே மாதம் பகல் 11 மணிக்கு எங்கள் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. பாத்திரம் துலக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, காலை 6 மணிக்கே நாலு வாளி பிடித்து நிழலில் மூடி வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் கரண்ட் போனால் அத்தை ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிமெண்ட் தரையில் படுத்துவிடுவார். பிள்ளைகளின் முதுகெல்லாம் வேர்க்குரு. இப்படி இரண்டரை மாதம். வயதானவர்களுக்கு இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த இரண்டரை மாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாசத்தில் இதை மறைத்து மதுரைக்கு வாருங்கள் என்று நான் யாரையும் கூப்பிட மாட்டேன்.

தண்ணீருக்கு வருகிறேன். சிறுவாணித் தண்ணீர் குடித்தவர்கள் பெருமையாகப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. அணை கேரள எல்லைக்குள் காட்டுக்கு நடுவே இருக்கிறது. தண்ணீரில் ஒரு மெல்லிய இனிப்பு தெரியும், டீ நிறமே தனியாக வரும். ஆனால் கோவை முழுக்கச் சிறுவாணி என்று நினைத்துவிட வேண்டாம். பில்லூர் அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதிகளும் ஏராளம். வீட்டில் நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய் என்று இரண்டு இருக்கும். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஒண்டிப்புதூரில் எங்கள் தெருவில் தண்ணி விடும் நாள் என்றால் அன்று எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான். பகல் 11 மணிக்குத் தண்ணி வந்தால் வீட்டில் யார் பிடிப்பது? மூடி வைத்த தொட்டி, மோட்டார், மிதவை எல்லாம் இருந்தால் கவலை இல்லை. வீடு பார்க்கும்போது டைல்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் கீழ்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்.

மதுரைக்காரர்கள் பேப்பரில் முதலில் பார்ப்பது வைகை அணை நீர்மட்டம். 71 அடி வந்தால் அணை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண் இறங்க இறங்க எங்கள் தெருவில் பேச்சு ஏறும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவரும் திட்டத்தைப் பெரிய நம்பிக்கையாகப் பார்க்கிறோம். மழை நன்றாகப் பெய்து, மாரியம்மன் தெப்பக்குளத்திலும் வண்டியூர்க் கண்மாயிலும் தண்ணீர் நின்றால் சுற்றுப்புறத்தில் போர்த் தண்ணீர் மேலே வரும். நிற்காத வருஷம் லாரித் தண்ணீர்தான். தண்ணீரில் கோவைதான் மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, வெயிலிலும் தண்ணீரிலும் வேலையிலும் கோவை மேல் என்றால் நாங்கள் ஏன் மதுரைக்குத் திரும்பினோம்? அந்த ஜன்னல் நாற்காலிக்காகத்தான்.

அண்ணாநகரில் எங்கள் வீடு தரைத் தளம், வாசலில் மூன்று படி. காலை 10 மணிக்குச் சமையல் முடிந்ததும் அத்தை அந்தப் படியில் வந்து உட்காருவார். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு அரைமணி நேரம் மூச்சு வாங்குவார். எதிர்வீட்டு மதினி, "என்னத்தே, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று ஆரம்பிப்பார். பேப்பர்க்காரர் பாக்கி கேட்க வருவார். 11 மணிக்குப் பூக்காரம்மா வந்து இரண்டு முழம் மல்லிகையை அளந்து கொடுக்கும்போது, நேற்று மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ என்ன விலை போனது, யார் வீட்டுக் கல்யாணம், யார் பெண்ணுக்கு வளைகாப்பு எல்லாம் சேர்ந்தே வரும். சனிக்கிழமை அத்தை டவுன் பஸ் ஏறி மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போவார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பொற்றாமரைக் குளத்துப் படியில் இன்னும் நாலு அத்தைகள் இருப்பார்கள். சாமி கும்பிட ஐந்து நிமிஷம், படியில் இரண்டு மணி நேரம். திரும்பி வரும்போது "அங்கிட்டுப் போனேன், இங்கிட்டு இவளைப் பார்த்தேன்" என்று ராத்திரி வரைக்கும் சொல்லுவதற்குக் கதை இருக்கும். இப்போது மாலையில் நான் அவர் சொல்வதைக் கேட்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பார்த்த பிறகு வெயிலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. வாசல்படியில் கதை வருகிற தெருவில் உங்கள் கதையும் போகும். மகள் எத்தனை மணிக்கு வந்தாள், மருமகள் என்ன உடுத்தினாள், ஏன் இன்னும் இரண்டாவது குழந்தை இல்லை, எல்லாம் பேசப்படும். கோவையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே நான் போன முதல் வாரம் காய்கறி வண்டிக்காரர் "ஏனுங் அம்மணி, தக்காளி போடட்டுங்களா?" என்றபோது என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையிடம்கூட "வாங்க, போங்க" என்று பேசுகிற ஊர் அது. அந்த மரியாதைக்குள் ஒரு இடைவெளி இருக்கிறது. பக்கத்து வீட்டக்கா ஒண்டிப்புதூரில் எனக்கு அரிசி பருப்பு சாதம் செய்யக் கற்றுக் கொடுத்தார், சந்தகையைப் பிழிந்து தேங்காய்ப் பாலோடு கொடுத்து அனுப்பினார். 4 வருஷத்தில் ஒரு தடவைகூட என் சொந்த விஷயத்தைக் கேட்டதில்லை. நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். தனியாக ஒரு தொழில் தொடங்கப் பார்க்கிற பெண்ணுக்கு, விவாகரத்தாகிப் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்கு, அந்த இடைவெளிதான் மூச்சு விடும் இடம். அத்தைக்குத் தனிமையாக இருந்தது, எனக்குச் சுதந்திரமாக இருந்தது. ஒரே ஊர், ஒரே வீடு.

இரவு வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையைத் தூங்கா நகரம் என்பது வெறும் பட்டப்பெயர் இல்லை. ராத்திரி 1 மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பரோட்டாக் கல் சத்தம் கேட்கும், விடியக்காலையில் பருத்திப்பால் வண்டி நிற்கும். ஆள் நடமாட்டம் இருப்பதால் ஒரு தைரியம். கோவையில் மாலை 5 மணிக்கு பேக்கரி டீயும் ரோட்டோரக் காளானும் களைகட்டும், பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். காலையில் சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போகிற ஊருக்கு அதுதான் பொருத்தம்.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை இரண்டு ஊரும் பக்கத்து மாவட்டங்களைக் காப்பாற்றுகிறவை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது மதுரையில்தான். அத்தையின் கண்புரை ஆபரேஷனுக்கு நாங்கள் வீட்டிலிருந்து நடந்தே போனோம். கோவையிலும் அவர்களுக்குக் கிளை உண்டு. எலும்பு, முதுகுத்தண்டு, இதயம் என்று பெரிய சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளின் எண்ணிக்கையிலும் தேர்விலும் கோவை முன்னால் நிற்கிறது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையை நம்பித் தென் மாவட்டங்களே இருக்கின்றன. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியபோது இருந்த ஆசையோடு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம்.

படிப்பில் இன்ஜினியரிங், விவசாயம் என்றால் கோவை. பிஎஸ்ஜி, சிஐடி, ஜிசிடி என்ற இன்ஜினியரிங் கல்லூரிகள், வேளாண் பல்கலைக்கழகம் எல்லாம் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் என்றால் விடுதிச் செலவு மிச்சம். மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கலை, அறிவியல் என்றால் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா. 2023 ஜூலையில் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து என் மகள் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருப்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் ஒன்றே மதுரைக்கு வரக் காரணமாகலாம்.

போக்குவரத்து நெரிசலில் இரண்டும் சளைத்ததில்லை. கோவையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்த பிறகு அவிநாசி ரோட்டில் விமான நிலையத்துக்குப் போவது எளிதாகிவிட்டது என்று அங்கிருந்து பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். மதுரையில் கோரிப்பாளையத்தைக் கடப்பதற்கு இன்னும் பொறுமை வேண்டும். ஆனால் வண்டி ஓட்டத் தெரியாத ஒருவர் 11 மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினால், மதுரையில் கால்நடையாகவும் டவுன் பஸ்ஸிலும் காரியத்தை முடித்துவிடலாம். கோவையின் புதிய பகுதிகளில் ஸ்கூட்டர் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. நான் அங்கே போய்த்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் தொழிலை வைத்துப் பார்த்தால் மதுரை என்றுதான் தோன்றும். ஏசி சர்வீஸுக்கு வெயில் ஊர்தானே லாபம்? சொந்த ஊர் உசிலம்பட்டி, 40 கிலோமீட்டருக்குள். சித்தி அங்கே வீட்டையும் மாட்டையும் விட்டு வர மாட்டேன் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பத்து நாள் வந்து போவாராம். அவனுக்கு மதுரையில் கூட்டாளிகள் உண்டு, பாதிப் பேர் மாமன் மச்சான். எல்லாக் கோடும் மதுரையைத்தான் காட்டுகிறது.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பகல் 11 மணிக்கு உன் வீட்டில் யாருடா இருப்பா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவதான்கா" என்றான்.

அவன் மனைவிக்கு ஊர் பொள்ளாச்சி. பி.எட். முடித்தவள். 12 வருஷத்தில் 10 வருஷம் அபுதாபியில் பதினாலாவது மாடி பிளாட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அங்கே அவள் என்ன பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. அவளுடைய அம்மா, அக்கா, பள்ளிக்கூடத் தோழிகள் எல்லாரும் பொள்ளாச்சியில். மதுரைக்கு வந்தால் அவனுக்கு உறவு சூழ்ந்த ஊர், அவளுக்கு மறுபடி புது ஊர். அதோடு வாசல்படிப் பேச்சில் அவள் எப்போதும் "கோயம்புத்தூர்க்காரி"யாகத்தான் இருப்பாள். எனக்கு நன்றாகத் தெரியும், என்னை அங்கே 9 வருஷமும் மதுரைக்காரி என்றுதான் சொன்னார்கள்.

எனவே கோவை என்று சொன்னேன். மதுரைக்கே திரும்பி வந்த நான் இதைச் சொன்னதில் அவனுக்கு ஆச்சரியம். ஆனால் சரவணம்பட்டி வேண்டாம், அவிநாசி ரோடு வேண்டாம். தெற்கே பொள்ளாச்சி ரோட்டில் சுந்தராபுரம், குறிச்சி பக்கம் பார். வாசலில் நின்றால் பொள்ளாச்சி பஸ். ஒன்றேகால் மணி நேரத்தில் அவள் அம்மா வீட்டில் இருப்பாள், சாயங்காலம் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்பியும் விடுவாள். 2024 ஆகஸ்ட்டில் உக்கடம் மேம்பாலம் திறந்துவிட்டதால் டவுனுக்குப் போவதும் முன்னைப் போலக் கஷ்டமில்லை. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறிச்சிக் குளக்கரையில் நடக்கலாம். தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை அங்கே நிற்கிறது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் சின்னவனுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பி.எட். முடித்தவளுக்குப் பள்ளிக்கூடங்களுக்கும் பஞ்சமில்லை. அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தால் 11 மணிக் கணக்கே மாறிவிடும், அதுவும் நல்லதுக்குத்தான்.

தொழிலுக்கு என்ன செய்வது என்றான். வீட்டு ஏசிக்கு கேஸ் அடிக்கிற வேலைக்கு வெயில் ஊர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்தது சில்லர் பிளான்ட். மில், ஆஸ்பத்திரி, ஐடி கட்டடம், குளிர்பதனக் கிடங்கு, எல்லாம் எங்கே அதிகம் என்று நீயே எண்ணிப் பார். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை உன் வாசலில் இருக்கும்.

உசிலம்பட்டியை நினைத்து அவன் குரல் கம்மியதை நான் கேட்டேன். அதற்கும் வழி இருக்கிறது. சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஐந்து மணி நேரத்தில் ஆரப்பாளையம். அங்கிருந்து உசிலம்பட்டி பஸ் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். 9 வருஷம் நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் அந்த பஸ்ஸில்தான் வந்தேன். கொரோனா காலத்தைத் தவிர, அழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு வருஷம்கூடத் தவறவிடவில்லை.

வீடு பார்க்க ஏப்ரலில் வருகிறார்கள். எல்லாரும் செய்வதுபோல ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிறு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும், எல்லாத் தெருவும் கலகலவென்றுதான் இருக்கும். ஒரு செவ்வாயோ புதனோ போ. புரோக்கரோடு நீ வீட்டுக்குள் பைப்பையும் சுவரையும் பார்த்துக்கொண்டிரு. அவளைத் தனியாக, போன் இல்லாமல், பகல் 11 மணிக்கு அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல். வந்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு.